சேவல் யாருக்காகக் கூவியது?

என் அம்மா கழுத்தில் கிடந்த சிலுவைச் செயினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டதை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பதினைந்து வயது. பத்தாவது முடித்துப் பதினொன்றில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பட்டாபிராமில் நாங்கள் குடியிருந்த தெருவிலிருந்து தாலுகா ஆபீசுக்குப் போக பஸ் ஏறுவதற்கு முன்னால், அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு கேட்டு வாங்கி நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். எனக்குத் திருநீறு பூசிவிட்டாள். பூசிப் பழக்கமில்லாத கை. பட்டையாக வராமல் திட்டுத்திட்டாக வந்தது.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"வாய மூடிக்கினு வா. அங்க வந்து எதுனா ஒளறுன, கால ஒடிச்சிருவேன்."

தாலுகா ஆபீசில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சர்ச்சுக்குப் போவீங்களா என்றார். இல்லை சார் என்றாள். வீட்டில் ஏசு படம், சிலுவை ஏதாவது மாட்டியிருக்கா என்றார். இல்லை சார் என்றாள். பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கா, விசாரிக்க ஆள் வருவோம், உண்மையைச் சொல்லும்மா என்றார். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது சார். மாரியாத்தாதான் எங்க கொலசாமி" என்றாள் அம்மா.

சான்றிதழ் கிடைத்தது. அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. செயினை எடுத்து மறுபடி போட்டுக்கொள்ளவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாய் உட்கார்ந்திருந்தாள். "மூணு வாட்டி இல்லன்னுட்டேன்டா. இராயப்பர் மாதிரி. அவருக்காச்சும் சேவ கூவிச்சு. எனக்குக் கூவக்கூட இல்ல" என்றாள்.

இருபது வருஷம் ஆகப் போகிறது. அந்தச் சான்றிதழில்தான் நான் மேற்கொண்டு படித்தேன். எம்.ஏ. தமிழ் வரைக்கும் வந்தேன். இந்தப் பத்திரிகையில் எழுதுகிற கையும் அந்தச் சான்றிதழ் கொடுத்ததுதான். உண்மையான கிறித்தவன் யார் என்று பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்டிக்கர் பொட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. என் அம்மா அன்றைக்குக் கிறித்தவளாக இல்லாமல் போனாளா? போனாள் என்றால் யார் அவளைப் போகவைத்தது? இந்தக் கேள்வியைச் சாமியார்களிடம் கேட்டிருக்கிறேன், தோழர்களிடம் கேட்டிருக்கிறேன். இப்போது உங்கள் முன்னால் வைக்கிறேன்.

முதலில் அரசாங்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஓர் ஆணை போட்டார். யார் யார் பட்டியல் சாதி என்று சொல்லும் ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்றது. 1956ல் அதைத் திருத்திச் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990ல் திருத்திப் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவ தலித்தும் முஸ்லிம் தலித்தும் வெளியே நிற்கிறார்கள். ஆகஸ்ட் 10 வந்தால் தலித் கிறித்தவர்கள் கறுப்புக் கொடி கட்டுவது இதனால்தான்.

சென்னையில் ரோட்டோரம் உட்கார்ந்து செருப்பு தைத்துப் பிழைத்த ஒருவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். சூசை வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கிறித்தவர். அதே தெரு, அதே ஊசி, அதே தோல், அதே சாதி. 1985ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதை நிரூபிக்கப் போதுமான சான்று இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. செருப்புத் தைக்கிறவன் எங்கே போய்ச் சான்று கொண்டுவருவான்? அவன் உட்கார்ந்திருந்த இடமே சான்று இல்லையா?

2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியை எடுத்துவிடச் சொன்னது. எடுக்கவில்லை. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், சர்ச்சுக்குப் போய்க்கொண்டே சலுகைக்காக இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது, அது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏமாற்று என்ற சொல்லை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். என் அம்மா சொன்னது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யின் விலையையும் பாருங்கள். உண்மை சொன்னால் இந்த மாநிலத்தில் பிற்பட்டோர் பட்டியலில் கொண்டுபோய் வைப்பார்கள். நிலமும் பட்டறையும் வைத்திருக்கிற சாதிகளோடு கூலிக்காரி மகன் போட்டி போட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. நாளைக்கு எவனாவது சாதிப் பேரைச் சொல்லி அடித்தால், 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. அடிக்கிறவன் நீ ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று கேட்டுவிட்டா அடிக்கிறான்? மதத்தைப் பார்க்காமல் அடிக்கிறது சாதி. மதத்தைப் பார்த்துத்தான் காப்பாற்றுவேன் என்கிறது சட்டம். நேர்மையாக இருக்க நினைக்கிறவளுக்கு அபராதம் போட்டுவிட்டு நேர்மை எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

இனி திருச்சபை. அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம், பிஷப்புகளே நம்மோடு சேர்ந்து கறுப்புக் கொடி பிடிப்பார்கள். டெல்லியைப் பார்த்து நீட்டுகிற விரலை வீட்டுக்குள் திருப்பினால்தான் சங்கடம்.

என் ஆயாவின் ஊர் செங்கல்பட்டுப் பக்கம். கோயில் ஊர்த்தெருவில். எங்கள் ஆட்கள் சேரியில். இரண்டு பக்கமும் கத்தோலிக்கர்தான். திருவிழாத் தேர் சேரிக்குள் வராது. சேரி முனையில் நின்று திரும்பிவிடும். நாங்கள் மெழுகுவத்தியை ஏந்திக்கொண்டு முனை வரைக்கும் போய் நிற்போம். ஆயா சொல்வாள்: "மாதா வராம இல்லடா, தூக்குறவன் வரமாட்டேன்றான்." எங்கள் பக்கத்துச் சாவைச் சுமக்கும் பாடை வேறு, கல்லறைக்குப் போகும் வழி வேறு.

என் ஆயா ஊர்க்கதை மட்டுமல்ல இது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் எழுப்பி, செத்துப்போன தலித்துகளை ஒரு பக்கமாகவும் மற்றவர்களை இன்னொரு பக்கமாகவும் புதைத்ததை நாடே பார்த்தது. உலகம் முடியும் நாளில் எக்காளம் ஊதினால், சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் எந்த வாசல் வழியாக எழுந்து வருவான்? இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் ஏறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக ஆக்கித் தரும்படி கேட்டார்கள். சேர்ந்து கும்பிட விடாததால் தனியாகக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறித்தவர்கள் தலித் வீடுகள்மேல் பாய்ந்தார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் வன்னியர்கள். அடித்தவனும் கிறித்தவன், அடிபட்டவனும் கிறித்தவன். செத்தவனுக்கும் அதே பூசைதான், அதே சாம்பிராணிதான்.

போப் இரண்டாம் ஜான் பால் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களை ரோமில் சந்தித்தபோது சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் பூலா அந்தோணி முதல் தலித் கர்தினால் ஆனார். இவையெல்லாம் நடந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1985ல் நீதிமன்றம் கேட்ட சான்றை 2016ல் ஆயர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். செருப்புத் தைத்தவர் கேட்டபோது இந்தக் கையெழுத்து எங்கே இருந்தது?

அதெல்லாம் கிராமத்தில் சார், இங்கே ஏது சாதி என்பார்கள் எங்கள் பக்கத்தில். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நீளும் இந்தப் பக்கம் பல ஊர் ஆட்கள் வந்து குவிந்த இடம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்தவர்கள், ஆவடி டாங்கி ஃபேக்டரிக்கு வந்தவர்கள், பட்டாளத்து ஆட்கள், ரயில்வே ஆட்கள், திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள், வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள். ஓலைக் கொட்டகையில் பூசை வைத்து, பிறகு ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, பிறகு கான்கிரீட் போட்டுக் கோயில் வளர்ந்தது. பெஞ்சில் சாதி பார்த்து உட்காருவதில்லை. நன்மை வாங்க ஒரே வரிசைதான். உண்மை. ஆனால் பூசை முடிந்து வெளியே வந்ததும் "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். வாடகை வீட்டுக்கும் இதே கேள்விதான். கல்யாண விளம்பரத்தைப் பாருங்கள். ஆர்.சி. வன்னியர், ஆர்.சி. உடையார், சி.எஸ்.ஐ. நாடார். சர்ச்சின் பேர் முன்னெழுத்தாகவும் சாதி பேராகவும் ஆகிவிட்டது.

என் தங்கைக்குப் பாடகர் குழுவில் ஒரு பையனைப் பிடித்திருந்தது. ஐந்து வருஷம் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். பையனின் அப்பா எங்கள் வீட்டுக்கே வந்தார். மரியாதையான மனிதர். ஜெபம் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். "நாம எல்லாரும் ஆண்டவருக்கு முன்னால ஒண்ணுதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா சம்பந்தம்னு வந்தா ஊர்ல நாலு பேரு கேப்பான் பாருங்க" என்றார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் வயிறு சரியில்லை என்றார்.

அந்த டம்ளரைப் பற்றித்தான் நான் பேச வருகிறேன்.

எம்.ஏ.வில் எங்களுக்குக் கிறித்தவத் தமிழ் என்று ஒரு பகுதி உண்டு. தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் படித்தோம். தமிழுக்குக் கிறித்தவம் என்ன கொடுத்தது என்று பரீட்சையில் பத்து மார்க் கேள்வி வரும். பறையனுக்கு என்ன கொடுத்தது என்று கேள்வி வராது. 1992ல் பாமாவின் கருக்கு வந்த பிறகுதான், கன்னியர் மடத்தின் வாசலுக்குள் நுழைந்து வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் வாயால் அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது. நான் பாடத்திட்டத்துக்கு வெளியே படித்த வரலாறு அந்த டம்ளரைப் பற்றிய வரலாறாக இருந்தது.

1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி காவி உடுத்தி, சைவம் சாப்பிட்டு, உயர்சாதிக்காரர்களை நெருங்கினார். கிறித்தவனாக ஆனாலும் பூணூலும் குடுமியும் சந்தனமும் இருக்கட்டும் என்று 1623ல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். நம் ஆட்களுக்கு 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்று வேறு வகைக் குருக்கள் வந்தார்கள். சாமிக்கே சாதி பிரித்துவிட்டார்கள். சீர்திருத்த சபையும் சுத்தமில்லை. தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டிலேயே கோயிலுக்குள் தனித்தனி இடம் இருந்தது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பெரிய கவி, இன்றைக்கும் அவர் பாட்டைப் பாடுகிறோம். அவரே சாதி ஆசாரத்துக்காக வாதாடி எழுதியவர். 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் கூட்டமாக விலகினார்கள். ஏசுவை விடச் சொல்லியிருந்தால்கூட யோசித்திருப்பார்கள்போல.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1840களின் கடைசியில் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் ஒரு சோதனை வைத்தது. சாதியை விட்டுவிட்டேன் என்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். வேதம் மனப்பாடமாகத் தெரிந்த உபதேசியார்கள் பலர் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். சோற்றை மட்டும் தொடவில்லை. ஞானஸ்நானத் தண்ணீரில் நனைந்தார்கள், சிலுவையைப் போட்டுக்கொண்டார்கள், பிரசங்கம் செய்தார்கள். நம் கைச் சோறு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. வெள்ளைக்காரன் நம்மேல் உள்ள அன்பினால் மட்டும் இதைச் செய்தான் என்று நான் நம்பவில்லை. அவனுக்கு அவன் கணக்கு இருக்கும். ஆனால் சோதனை சரியான சோதனை. ஏனென்றால் அது ஏசுவே வைத்த சோதனை.

சமாரியப் பெண்ணின் கதையை நினைத்துப் பாருங்கள். யூதர்கள் சமாரியர்களோடு புழங்க மாட்டார்கள். நடுப்பகலில், கிணற்றடியில், அந்தப் பெண்ணிடம் ஏசு முதலில் போதனை செய்யவில்லை, தண்ணீர் கேட்டார். அவள் திகைத்துப்போய், என்னிடமா கேட்கிறாய் என்கிறாள். சேரிக் கிணற்றையும் ஊர்க் கிணற்றையும் அறிந்த நமக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை வேண்டாம். ஏசு அந்தக் குடத்திலிருந்து தண்ணீர் கேட்டார். என் தங்கையைப் பெண் கேட்காமல் போன மனிதர் காப்பியைத் தொடவில்லை. அவர் தினமும் விவிலியம் படிப்பவர்.

எங்களைச் சோற்றுக்கு மாறினவர்கள் என்பார்கள். 1876 முதல் 1878 வரை பஞ்சத்தில் கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்பார்கள். கோதுமைக்கும் பால்பவுடருக்கும் போனவர்கள் என்பார்கள். நான் அதை மறுத்துச் சண்டை போட்ட காலம் உண்டு. இப்போது போடுவதில்லை. ஆமாம், சோற்றுக்குத்தான் வந்தோம். அதில் என்ன வெட்கம்? ஏசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே அன்றாட அப்பம் முதலில் வருகிறது, பாவ மன்னிப்பு அதற்குப் பிறகுதான். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பங்கிட்டபோது, யார் யார் விசுவாசத்தால் வந்தீர்கள், யார் யார் பசியால் வந்தீர்கள் என்று அவர் வரிசை பிரிக்கவில்லை. பசித்தவன் சோற்றுக்கு வருவது மனித குணம். வயிறு நிறைந்தவன் சாதியைக் கையோடு கொண்டுவருவதுதான் வெட்கம்.

சோறு மட்டுமல்ல, நிலத்துக்காகவும் வந்தோம். எங்கள் திருவள்ளூர் மாவட்டம் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. திருவள்ளூர்ப் பக்கத்தில் வேலை செய்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி, செங்கல்பட்டிலிருந்த ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்கள் பறையருக்கு நிலம் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891ல் பறையர் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892ல் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலம் என்று நாம் பேசுகிற கதை தொடங்குகிறது. அந்த நிலம் நம் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1994 அக்டோபர் 10 அன்று, மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள்மேல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் ஜான் தாமஸ். இன்னொருவர் ஏழுமலை.

இந்த இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். 1950ஆம் வருஷத்து ஆணை இவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. துப்பாக்கி பிரிக்கவில்லை. பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் வாழ்ந்து செத்தவரையும் ஜான் தாமஸையும் பார்த்து யார் கிறித்தவர் என்று கேட்டால், நான் நிலத்துக்காக நின்றவரைத்தான் காட்டுவேன். அவர் பக்கத்தில் ஏழுமலையையும் காட்டுவேன். ஏழுமலையை மதம் மாற்றுவதற்காக அல்ல. அவர் யாராக இருந்தாரோ அப்படியே இருக்கட்டும். ஏசு சொன்ன கதையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போனது சமாரியன். குருவும் லேவியனும் ஒதுங்கிப் போனார்கள். அந்தச் சமாரியனைக் கடைசி வரைக்கும் யாரும் மதம் மாற்றவில்லை.

இதையெல்லாம் கேட்டு என் தோழர் ஒருவர் கோபப்படுவார். அவர் பௌத்தம் தழுவியவர். "அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டார். பாதிரி மதத்துல போயும் சாதிக்காரன் காலடியிலதான் கிடக்கிறீங்கன்னு. அம்பேத்கர் ஏன் கிறித்தவத்துக்குப் போகல? 1956ல ஏன் நாக்பூர்ல பௌத்தம் எடுத்தார்? இன்னும் அந்த வீட்ல உனக்கு என்ன வேலை?" என்பார். அம்பேத்கர் கிறித்தவ தலித்துகளைப் பற்றி எழுதியதைப் படித்திருக்கிறேன். மதம் மாறியவனின் சமூகக் கொடுமையை நீக்கத் திருச்சபை என்ன செய்தது என்று அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் நிற்கிறது. வெளியேறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் ஆயாவின் கல்லறை அங்கே இருக்கிறது. ஓலைக் கொட்டகைக்கு மண் சுமந்தது என் அப்பா. வீட்டைக் கட்டினவனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் போய்க்கோ என்பது யார் பேசும் பேச்சு?

பாதர் ஒருவர் வேறு மாதிரி சொல்வார். "சாதி வெளி விஷயம் தம்பி. விசுவாசம் உள்ளே இருப்பது. உள்ளம் மாறினால் எல்லாம் மாறும்." நல்லவர். ஆனால் நானூறு வருஷமாக உள்ளம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. கல்லறைச் சுவர் வெளியே இருக்கிற செங்கல், உள்ளத்தில் இருக்கும் செங்கல் அல்ல. அதைக் கடப்பாரையால்தான் எடுக்க முடியும்.

தமிழ் படித்தவன் என்பதால் இலக்கணத்தில் சொல்லிப் பார்க்கிறேன். வினையாலணையும் பெயர் என்று ஒன்று உண்டு. வந்தவன், கொடுத்தவன், உண்டவன். செயல் இருந்தால்தான் அந்தப் பேர் நிற்கும். கொடுக்காதவனைக் கொடுத்தவன் என்று கூப்பிட முடியாது. கிறித்தவன் என்பதை நாம் சாதிப் பேர் மாதிரிப் பிறப்போடு ஒட்டிக்கொள்ளும் பேராக ஆக்கிவிட்டோம். அது வினையாலணையும் பேராக இருந்திருக்க வேண்டும். உடன் உண்டவன், உடன் புதைக்கப்படச் சம்மதித்தவன், உடன் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவன். இந்த மூன்றும் இல்லாமல் மீதி எல்லாம் இருந்தாலும் அந்தப் பேர் ஒட்டாது.

இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு குறுகுறுக்கிறது. ஏனென்றால் இந்த அளவுகோலை மேலே இருப்பவன்மேல் மட்டும் வைக்க முடியாது.

நான் காலேஜில் படித்தபோது எங்கள் தெருக்கோடியில் ஓர் அருந்ததியர் குடும்பம் குடிவந்தது. ஆந்திரப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள், துப்புரவு வேலை. எங்கள் தெருவே பறையர் தெருதான். சாதி ஒழிக என்று சுவரில் எழுதுகிற தெரு. அந்தக் குடும்பத்தை யாரும் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. நானும்தான். அவர்கள் பையனோடு டீக்கடையில் நின்று பேசுவேன், அம்பேத்கர் பற்றிப் பேசுவேன். வீட்டுக்கு வா என்று சொன்னதில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. அதுதான் பயங்கரம். மறுக்க வேண்டிய அவசியமே வராத அளவுக்கு அது எனக்குள் இயல்பாக இருந்தது.

ஒரு கிறிஸ்துமஸ் அன்றைக்கு அம்மா அவர்கள் நான்கு பேரையும் கூப்பிட்டுக் கொண்டுவந்து கூடத்தில் பாயில் உட்காரவைத்தாள். என் சித்தப்பாக்கள் இரண்டு பேர் ஏற்கெனவே இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணி, இன்னா இது?" என்றார். அம்மா பதில் சொல்லாமல் புது இலை போட்டாள். சித்தப்பாக்கள் எழுந்து கை கழுவிவிட்டுப் போனார்கள். அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. வந்தவர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். அம்மா அந்த வீட்டு அம்மாளின் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"போறவங்கோ போவட்டும். நீ உக்காரும்மா. சோறு ஆறிப்பூடும்."

பிறகு அவளும் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அம்மா எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியோடு உட்காருகிறவள். அன்றைக்குத்தான் அவள் விருந்தாளியோடு உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்தேன். கழுத்தில் அந்தச் செயின் இருந்தது. நான் போய் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்கத்தோடுதான் உட்கார்ந்தேன்.

இராயப்பர் கதையைப் பிறகு நான் பலமுறை படித்துப் பார்த்திருக்கிறேன். முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தவரை வேலைக்காரியும் மற்றவர்களும் கேட்கிறார்கள். அவர் பேச்சே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. கலிலேயாக்காரன் பேச்சு. நம் பேச்சு நம்மைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி. உயிருக்குப் பயந்து இல்லை என்கிறார். அவர் குற்றம் வாயால் சொன்ன பொய் மட்டும்தானா? உள்ளே ஒருவரை அடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் யாரென்றே தெரியாது என்று தன்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டதுதான் அந்தக் குற்றத்தின் பாரம். என் அம்மா தாலுகா ஆபீசில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை, என்னைக் காப்பாற்றினாள். அதனால் அவள் சொன்னது உண்மை ஆகிவிடாது. அவளே அதைப் பொய் என்றுதான் சொன்னாள், அழுதாள். அழுததில் அவளும் இராயப்பரும் ஒன்று. ஆனால் யாரை அடித்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்களைத் தெரியாது என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர்கள் வேறு. தேரைச் சேரி முனையில் திருப்பியவர்கள், கல்லறை நடுவில் சுவர் வைத்தவர்கள், காப்பி டம்ளரைத் தொடாதவர், இலையை விட்டு எழுந்த என் சித்தப்பாக்கள், கூப்பிடத் தோன்றாத நான். சேவல் எங்களுக்காகத்தான் கூவியது. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம்.

அம்மா இப்போது இல்லை. பூந்தமல்லி ரோட்டுப் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறாள். அங்கே சுவர் இல்லை. அடக்கத்தன்று அந்த அருந்ததியர் வீட்டுப் பையனும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். பெரிய சித்தப்பா இன்னொரு பக்கம் கொடுத்தார். அவர் மாறிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. தோளை மாற்றிக்கொள்ளாமல் கல்லறை வரைக்கும் நடந்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நீ கிறித்தவனா என்று என்னைக் கேட்கிறார்கள். சான்றிதழில் இல்லை. கோயில் புத்தகத்தில் இருக்கிறேன். இரண்டையும் நான் நம்புவதில்லை. வருகிற கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் யார் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று வந்து பாருங்கள். பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள். வரும்போது பசியோடு வாருங்கள்.